கட்டியைத் தொடுமுன் கருமுட்டை இருப்பைப் பாருங்கள்

காஞ்சிபுரம் நெசவாளர் குடும்பப் பெண்களிடையே பணிசெய்யும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

சினைப்பையில் ‘சாக்லேட் கட்டி’ இருப்பதாக ஸ்கேனில் வந்ததுமே, குழந்தைக்காக ஏங்கும் பெண்ணுக்கு அறுவைக்கு நாள் குறிப்பதை நாங்கள் ஏற்கவில்லை. கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை முதலில் நடக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. இந்தக் கட்டியை உண்டாக்கும் எண்டோமெட்ரியோசிஸ் நோயில், கருப்பையின் உட்படலம் போன்ற திசு சினைப்பையிலும் கருக்குழாயைச் சுற்றியும் வளர்ந்து, புண்ணாகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. கருவுறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கட்டியை உரித்தெடுக்கும்போது அதோடு ஒட்டிய நல்ல திசுவும் போய்விடுகிறது. கருமுட்டை இருப்பு குறைகிறது. ஐ.வி.எஃப். எனும் செயற்கைக் கருத்தரிப்புக்கு முன்னால், குழந்தைப்பேற்றுக்காக மட்டும் இந்தக் கட்டியை வழக்கமாக அகற்ற வேண்டாம் என்றே ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும் சொல்கிறது. வலி தாங்க முடியவில்லை, முட்டை எடுக்கும் ஊசிக்குக் கட்டி குறுக்கே நிற்கிறது என்றால் அது வேறு விஷயம். இரு பக்கமும் கட்டி இருந்தால், கத்தி வைக்குமுன் முட்டையை உறையவைத்துச் சேமிப்பது பற்றிப் பேசியாக வேண்டும்.

நோய் லேசாக இருந்து, குழாயும் திறந்திருந்தால் சிறுதுளை அறுவையான லேப்ராஸ்கோப்பி உதவலாம், விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ.யும் முயலலாம். வயது 35-ஐத் தாண்டியிருந்தாலோ குழாய் அடைத்திருந்தாலோ ஐ.வி.எஃப்.-ஐத் தள்ளிப்போடக் கூடாது. மாதவிலக்கை நிறுத்தும் மாத்திரையும் ஊசியும் வலிக்கு நல்லவை, கரு தங்க உதவாதவை. அவற்றைக் கொடுத்து ஆறு மாதம் பொறுக்கச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

“ஒரு பிள்ளை பொறந்தா வலி போயிடும்” என்று மாமியார் மட்டுமல்ல, படித்தவர்களும் சொல்கிறார்கள். பிள்ளைப்பேறு இந்த நோய்க்கு மருந்தல்ல. காமாட்சியம்மனுக்கு நேர்ந்துகொள்வதை யாரும் தடுக்கவில்லை. கூடவே கணவரின் விந்துப் பரிசோதனையும் முதல் வாரத்திலேயே நடக்கட்டும்.

இனி அரசுக்கு. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 2024-இல் செயற்கைக் கருத்தரிப்பு மையம் திறக்கப்பட்டதை வரவேற்கிறோம். ஆனால் ஐ.வி.எஃப்.-க்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, இடையில் சில ஸ்கேன். ஒவ்வொன்றுக்கும் எழுபது கிலோமீட்டருக்கு மேல் போய்வந்தால் முகூர்த்தப் புடவை தறியில் பாதியில் நிற்கும், கூலியும் நிற்கும். முட்டை எடுக்கவும் கரு வைக்கவும் எழும்பூர் போகிறோம். ஊசி, ஸ்கேன், ஏ.எம்.ஹெச். மூன்றும் காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையிலேயே கிடைக்க வேண்டும்.

தனியாரிடம் போகிறவர்களுக்கு ஒன்று: 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாச் செயற்கைக் கருத்தரிப்பு மையங்களும் பதிவு பெற்றிருக்க வேண்டும். முன்பணம் கட்டுமுன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் எங்களில் ஒருவர் கூட வருவார்.