ஐம்பதில் வளையும்

நீச்சலாகட்டும், சைக்கிளாகட்டும், வங்கிக் கணக்கைக் கைபேசியில் பார்ப்பதாகட்டும், புதிதாக எதையாவது கற்றுக்கொள்ளச் சொன்னால் போதும், நம் ஆட்களிடம் பதில் தயாராக இருக்கும்: 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' சொன்னதும் கூட இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பழமொழியை எதிர்த்து யார் பேசுவது?

நான் பேசுகிறேன். பிள்ளையைச் சிறு வயதிலேயே நல்லபடி பழக்கு என்று பெற்றவர்களுக்குச் சொன்ன சொல் அது. நாற்பத்தைந்து வயதுக்காரர் அதையே தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் விடுப்புக் கடிதமாக்குவது திருட்டுத்தனம். அதுவும் போக, மூங்கில் நாற்காலி செய்கிறவரிடம் போய்க் கேளுங்கள். முற்றிய மூங்கிலைத்தான் தேடி எடுப்பார். தணலில் வாட்டி வளைப்பார். இளசை எடுத்தால் பூச்சி அரித்துவிடும்.

மூங்கில் இருக்கட்டும், மனிதர்களைப் பார்ப்போம். புதுக்கோட்டையில் 1991இல் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கற்க வந்தவர்கள் கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய் எழுதியதில் எனக்கு மறக்காதது ஒன்று உண்டு. சில பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பினார்களாம். முன்னால் இருக்கிற கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! இவர்களைப் பார்த்துத் தெருவில் ஆபாசமாகப் பேசியவர்களும் இருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டேதான் மிதித்தார்கள்.

ஆலப்புழா கார்த்தியாயினி அம்மா 2018இல், தொண்ணூற்றாறு வயதில், கேரள எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினார். நமக்கு ஐம்பதிலேயே மூட்டை கட்டியாகிவிட்டது.

வயதானால் மெதுவாகத்தான் ஏறும், மறுக்கவில்லை. ஆறு வாரத்தில் வருவதற்குப் பன்னிரண்டு வாரம் ஆகலாம். ஆனால் ஒரு வாரம்கூட முயலாதவர் எதை வைத்து வராது என்கிறார்? வயது அவரைத் தடுக்கவில்லை, வெட்கம் தடுக்கிறது. அலுவலகத்தில் நாலு பேர் எழுந்து நின்று 'சார்' என்கிறார்கள். அந்த மரியாதையோடு போய் எட்டு வயதுப் பையன் முன்னால் தப்புத் தப்பாகச் செய்ய மனசு ஒப்பாது. வெட்கமாக இருக்கிறது என்று சொல்ல அதைவிட வெட்கம். அதனால் பழமொழி.

ஊரைத் திட்டிப் பயனில்லை, நானும் இந்தக் கூட்டம்தான். நீச்சல் தெரியாததற்குப் பதினைந்து வருஷமாக முதுகுவலி, சைனஸ், நேரமில்லை என்று மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறேன். முதுகு வலித்தது உண்மை. ஆனால் அதே முதுகோடு திருப்பதி மலைப்படி ஏறினேனே! நாற்பத்தெட்டு வயதில் ஒருவழியாகக் குளத்தில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். சுற்றிலும் வாண்டுகள். தொந்தியை எக்கிக்கொண்டு ஓரக் கம்பியைப் பிடித்து நின்றவனிடம் ஒரு சிறுமி நீந்தி வந்து சொன்னாள்:

"அங்கிள், கம்பிய விடுங்க. மூச்சப் புடிச்சுக்கிட்டு மூஞ்சிய உள்ள வைங்க. ஒண்ணும் ஆகாது."

மூக்கு வழியாக அரை டம்ளர் தண்ணீர் போனது. அவள் சிரித்தாள். பிறகு, "இன்னொரு வாட்டி" என்றாள்.