திபெத்திய அகதிகளின் குடும்பத் தொடர்பு குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: செயலாளர், மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், புதுதில்லி
நகல்: செயலாளர், உள்துறை அமைச்சகம்
பொருள்: வீசாட் தடையால் அறுந்த குடும்பத் தொடர்புக்கு மாற்றுவழி கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

இந்திய, சீனப் படைகளுக்கிடையே கல்வான் மோதல் நிகழ்ந்த இரு வாரங்களில், 2020 ஜூன் 29 அன்று, இணையத் தகவல்களை நாட்டின் பாதுகாப்பின் பொருட்டு முடக்க மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 59 செயலிகள் தடைசெய்யப்பட்டன. சீனாவின் டென்சென்ட் நிறுவனத்துடைய உரையாடல் செயலியான வீசாட்டும் அவற்றுள் ஒன்று. அந்த ஆணையின் நோக்கத்தைத் திபெத்திய அகதிகள் குடியிருப்புச் சங்கம் மறுக்கவில்லை.

எனினும் வாட்ஸப், பேஸ்புக் போன்றவற்றைச் சீன அரசு முன்பே முடக்கிவிட்டதால், திபெத்தில் உள்ளோர் எளிதில் கையாளக்கூடியதாக எஞ்சியிருந்தது வீசாட் ஒன்றே. பைலகுப்பே, முண்டகோடு, தர்மசாலா ஆகிய இடங்களின் திபெத்தியக் குடியிருப்புகளில் வாழ்வோருள் பலர், பெற்றோரை அங்கேயே விட்டுச் சிறுவயதில் இமயத்தைக் கடந்து இங்குள்ள பள்ளிகளுக்கு வந்தவர்கள். 2008-இல் திபெத்தில் நடந்த போராட்டங்களுக்குப் பின் எல்லைக் கண்காணிப்பு இறுகி, திபெத்தியர் கடவுச்சீட்டுப் பெறுவதும் அரிதாகிவிட்ட நிலையில், இவர்கள் நேரில் சந்திக்க வழியில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் மகனுக்கும் இடையே அச்செயலியின் குரல்பதிவுகளே கடிதங்களாக இருந்தன.

வீசாட் உரையாடல்கள் சீன அதிகாரிகளின் கண்காணிப்புக்கு உட்பட்டவை என்பதும், வெளிநாட்டுத் தொடர்புக்காகத் திபெத்தில் பலர் விசாரணைக்கும் சிறைக்கும் உள்ளானார்கள் என்பதும் குடியிருப்புகளில் அறியாதவர் இல்லை. உடல்நலம், விளைச்சல், லோசார் எனும் புத்தாண்டு வாழ்த்து என்ற அளவில் பேச்சைச் சுருக்கிக்கொண்டு, அறிந்தே அந்த இடரை அவர்கள் ஏற்றார்கள். ஆகவே, தடையை அப்படியே நீக்குமாறு இச்சங்கம் கேட்கவில்லை.

தடைக்குப் பின் சிலர், பயனரின் இணையத் தொடர்பை வேறொரு நாட்டுச் சேவையகம் வழியே திருப்பிவிடும் வி.பி.என். சேவையை நாடினர். ஆனால் அத்தகைய நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டுகள் சேமிக்க வேண்டும் என்ற 2022 ஏப்ரல் அறிவுறுத்தல் வந்தபின், அகதிகளுக்கான பதிவுச் சான்றிதழை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டியவர்களுக்கு அதுவும் அச்சம் தருவதாயிற்று. இத்தனைக்கும் 69ஏ பிரிவின் தண்டனை, ஆணையை மீறும் இடைநிலை நிறுவனங்களுக்கே உரியது. அதைத் தனிப்பயனருக்கு எழுத்தில் எடுத்துச் சொல்வார் இல்லை.

எனவே, குடும்பத்தாருடன் பேசுவதற்காகத் தடைசெய்யப்பட்ட செயலியைப் பயன்படுத்தியது ஒன்றே ஓர் அகதியின் பதிவுச் சான்றிதழையோ பயண ஆவணமான அடையாளச் சான்றிதழையோ பாதிக்காது எனச் சுற்றறிக்கை வெளியிட வேண்டும். குடியிருப்புகளிலிருந்து சீனத் தொலைபேசி எண்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் பேச ஏற்பாடு செய்ய வேண்டும். தொலைபேசியும் ஒட்டுக்கேட்கப்படலாம் என்றாலும், ஒரே நிறுவனத்தின் செயலியை மட்டும் நம்பியிருக்கும் நிலையாவது அதனால் நீங்கும். முடக்க ஆணைகளை இரு மாதங்களுக்கு ஒருமுறையேனும் ஆராய வேண்டும் என 2009-ஆம் ஆண்டு விதிகள் பணிக்கும் மறுஆய்வுக் குழு, இத்தடை அகதிக் குடும்பங்களுக்கு விளைவித்ததைத் தனியே பரிசீலித்து, குடியிருப்புப் பிரதிநிதிகளைத் திபெத்திய மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் நேரில் கேட்க வேண்டும். அந்தக் கேட்பில் திபெத்தில் உள்ள உறவினரின் பெயர்களோ ஊர்களோ பதிவாகாதவாறு பார்த்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
திபெத்திய அகதிகள் குடியிருப்புச் சங்கம்