வரத்தில் விட்ட இடம்

இராவணனின் குலத்தவன் ஒருவன் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் அரக்கர் ஏட்டில் 1977 முதல் குடியிருக்கிறான். பெயர் ராட்சசன்; புலித்தலை, கையில் புகைக்குழாய். சாதாரண மந்திரம் அவனிடம் பலிக்காது. அந்த 1977 ஏட்டின்படி, ஆசி பெற்ற குறுக்குவில் அம்பு பட்டால் உடனே செத்துவிழுவான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டும் நம் பிள்ளைகள் அவனை எதிரே நிறுத்திக் கொல்ல விரும்பவில்லை. அவனாகவே ஆடக் கேட்கிறார்கள். இலங்கையில் பிறந்த பிள்ளை வேறெதைக் கேட்கும்?

கேள்வி பழையது. கைகாக்ஸும் ஆர்னெசனும் 1974இல் எழுதிய முதல் விதிநூல், யாரும் எதுவாகவும் ஆடலாம், ஆனால் பலவீனமாகத் தொடங்கி வளரவேண்டும் என்றது. டிராகனாக ஆட ஆசையா, குட்டி டிராகனாகத் தொடங்கு. 1979இல் கைகாக்ஸே மனம் மாறி, அரக்கராக ஆடுவதை ஊக்குவிக்க வேண்டாம் என்று எழுதினார். பின்வந்தவர்கள் கணக்கில் தீர்வு தேடினார்கள். 2003இன் விதிப்படி ராட்சசனின் உயிர்ப் புள்ளிகளைத் தீர்மானிக்கும் உயிர்ப்பகடை 7; அது 7 படிக்குச் சமம். அவன் வல்லமைகளுக்கு விலையாக மேலும் 7 படி. ஆக, 14ஆம் படியில் நிற்கும் தோழர்களோடுதான் அவன் புறப்படலாம். ஆனால் உடம்பில் இருப்பது 7 பகடைக்கான உயிர்தான், சராசரி 52 புள்ளி. மந்திரமும் 7ஆம் படி மந்திரவாதியின் அளவே. 14ஆம் படிக்கென்று வரும் எதிரியோ அந்த 52ஐப் பார்த்து அடிப்பதில்லை.

வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றில் இது நடக்கக் கண்டோம். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்த தம்பி, தன் ராட்சசனுக்கான தாளின் தலைப்பில் இலங்கேஸ்வரன் என்று பெரிதாக எழுதி, கீழே பத்துத் தலையும் கீறி வைத்திருந்தான். முதற்சண்டையிலேயே 52ஐ அழித்து 0 போடவேண்டி வந்தது. “ஒரு சுற்றுக்கூடத் தாங்கேல்லை அண்ணை” என்றான். அவன் குரலில் இருந்த ஏமாற்றம் நியாயமானது. விதி அவனுக்கு ஓர் அரக்கனின் பெயரைக் கொடுத்து, அரக்கனின் உடம்பைப் பறித்துக்கொண்டது.

இதிகாசம் சமன் செய்கிற முறை வேறு. இராவணன் தேவர், அசுரர், நாகர், யட்சர் எவராலும் சாகாத வரம் கேட்டான். மனிதரைப் புல்லாக எண்ணி விட்டுவிட்டான். அவன் வலிமையில் ஒரு தோள்கூடக் குறையவில்லை. 1960களில் பேராதனையில் வித்தியானந்தன் மேடையேற்றிய, மௌனகுருவின் ‘இராவணேசன்’ கூத்திலும் அப்படித்தான். இராமனை வெல்ல வைப்பதற்காக அங்கே யாரும் இராவணனின் ஆட்டத்தைச் சுருக்கவில்லை. முழு வீறோடு ஆடித்தான் விழுகிறான்.

நம் மேசைகளுக்கும் இதையே சொல்கிறோம். அரக்கனின் பலத்தை வெட்டாதீர்கள்; அவன் வரத்தில் ஓர் இடம் விடுங்கள். அந்த இடம் எல்லா ஊரிலும் எதிர்ப்படுவதாக இருக்கவேண்டும். மனிதர் எங்கும் இருக்கிறார்கள், ஆகவே இராவணன் எங்கும் ஆபத்தில் இருந்தான். அந்தப் பழைய ஏட்டிலுள்ள ஆசி பெற்ற அம்பு அப்படியல்ல: அது எவர் கையிலும் இல்லாத நாள்களில் ராட்சசன் தோழர்கள் அனைவரையும் விழுங்கி நிற்பான், வந்த நாளில் ஒரே அம்பில் ஆட்டம் முடிந்துபோகும். இரண்டுமே விளையாட்டல்ல. கும்பகருணனின் தூக்கமும் மேசைக்கு ஒத்துவராது. இவ்வளவு தூரம் வந்த பிள்ளையை மற்றவர்கள் ஆடும்வரை சும்மா உட்காரவைப்பது அநியாயம்.

இன்னொன்று முக்கியம். அந்த இடத்தை விளையாட்டை நடத்துபவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. அரக்கனாக ஆடுபவரே தன் கையால் எழுதவேண்டும், தோழர்கள் அறிய எழுதவேண்டும். எதைப் புல்லாக எண்ணுகிறான் என்பதிலிருந்துதான் அந்த அரக்கன் யாரென்று தெரியவரும். குழந்தைகளை எண்ணாதவனும் தன் தம்பியை எண்ணாதவனும் ஒரே ராட்சசர் அல்லர், இருவருக்கும் 52 புள்ளியே இருந்தாலும். எழுதியபின் நடத்துபவரின் கடமை ஒன்றே: ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருமுறையாவது அந்தப் புல்லை அவன் வழியில் நிறுத்தவேண்டும். சில நாள் அது வழி கேட்டு நிற்கட்டும், சில நாள் வில்லோடு நிற்கட்டும்.