கிணறு வெட்டுறது சுகம், இறைக்கிறது ஆர்?

கொஞ்ச நாளா எழுதவேணும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்த விசயம் இது. இங்க யூனியன்வில்லில எங்களோட படிக்கிற பெடியள் மூண்டு பேர் சொந்தமா ஒரு வெப் ஃபிரேம்வொர்க் எழுதத் தொடங்கியிருக்கினம். கேள்விப்பட்ட ஆக்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: ஜாங்கோ இருக்கு, லாராவெல் இருக்கு, ரெயில்ஸ் இருக்கு, பிறகென்னத்துக்கு இன்னொண்டு? நான் வாடகைக்கு இருக்கிற வீட்டு அங்கிள் இன்னும் நேரடியாவே கேட்டார்: "இதுக்கு ஆர் தம்பி காசு தருவினம்?"

இரண்டுமே நியாயமான கேள்விதான். ஆனா கேக்கவேண்டிய முதல் கேள்வி வேற எண்டது என்ர கருத்து.

தெரியாதவைக்காக ஒரு சின்ன விளக்கம். எந்த இணையத்தளத்தை எடுத்தாலும் உள்ளுக்குள்ள திரும்பத் திரும்ப வாற வேலைகள் சில இருக்கு. இந்த முகவரிக்கு வந்தால் எந்த நிரல் ஓடவேணும், தரவுத்தளத்தில எப்பிடி எழுதி எடுக்கிறது, உள்ளுக்கு வந்தவர் ஆர், படிவத்தில அவர் நிரப்பினது சரியோ, கள்ளமா ஏதும் நுழைக்கப் பாக்கிறாரோ. இதுகளை ஒருக்கா ஒழுங்கா எழுதிவைச்சு எல்லாத் தளத்துக்கும் அதையே பாவிக்கிறதுதான் ஃபிரேம்வொர்க். தமிழில சட்டகம் எண்டு சொல்லுவினம். திறந்த மூலம் எண்டால் அந்த நிரலை ஆரும் பாக்கலாம், திருத்தலாம், மற்றவைக்குக் குடுக்கலாம்.

"இருக்கிறதையே பாவியுங்கோவன்" எண்டு புத்தி சொல்லுறவைக்கு எங்கட பக்கத்து ஊர்க் கதை ஒண்டு. யூனியன்வில் இருக்கிற அதே யோர்க் பிராந்தியத்திலதான் கிங் சிற்றியும் இருக்கு. ரஸ்மஸ் லேர்டோர்ஃப் அங்கத்தைய உயர்பள்ளியில 1988இல் படிச்சு முடிச்சவர், பிறகு வாட்டர்லூ பல்கலைக்கழகம். தன்ர சுயவிபரப் பக்கத்தை எத்தினை பேர் வந்து பாக்கினம் எண்டு அறிய சில சின்னக் கருவிகளை எழுதினார். 1995 ஜூனில் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டார். அதுதான் பிஎச்பி. அது ஃபிரேம்வொர்க் இல்லை, பிறகு ஒரு மொழியாவே வளர்ந்தது. ஆனா தொடக்கம் ஒரு தனி ஆளின்ர தேவைதான். பேர்ள் அப்பவே இருந்தது. "அது இருக்கே" எண்டு அவர் பேசாமல் இருந்திருந்தால் இண்டைக்கு வேர்ட்பிரஸ்சும் இல்லை, லாராவெல்லும் இல்லை.

அந்தக் கதையில எனக்குப் பிடிச்ச இடம் 1997. இஸ்ரேலில இரண்டு மாணவர்கள், அன்டி குட்மன்ஸ், சேவ் சுராஸ்கி எண்டு பேர். தங்கட பல்கலைக்கழகச் செயற்றிட்டத்துக்கு பிஎச்பி காணாது எண்டு கண்டு, அதின்ர நடுப்பகுதியைத் திரும்ப முதலிலயிருந்து எழுதினார்கள். "என்ர பிள்ளையில கை வைக்காதை" எண்டு லேர்டோர்ஃப் நிக்கேல்லை. சேர்ந்து வேலை செய்தார். 1998 ஜூனில் பிஎச்பி 3 வெளிவந்தது. பிஎச்பி தப்பினது முதல் நிரலால இல்லை, இந்த விட்டுக்குடுப்பாலதான் எண்டு நான் நம்புறன்.

எங்கட மண்ணிலயும் இதுக்கு ஒரு சாட்சி இருக்கு. 2004 மார்கழி 26இல் வந்த சுனாமியில இலங்கையில மட்டும் 30,000 பேருக்கு மேல போயிட்டினம். முல்லைத்தீவிலயிருந்து அம்பாறை, காலி வரைக்கும் ஆர் எந்த முகாமில, ஆரைக் காணேல்லை, எந்த நிறுவனம் எங்க என்ன குடுக்குது எண்டு ஒரு ஒழுங்கான பட்டியல் இல்லை. கொழும்பில மென்பொருள் ஆக்கள் தொண்டர்களாச் சேர்ந்து சகனா எண்ட திறந்த மூல மென்பொருளைக் கட்டினார்கள். சிங்களத்தில அந்தச் சொல்லுக்கு நிவாரணம் எண்டு அர்த்தம். பிஎச்பியிலதான் எழுதினார்கள். காணாமல் போனவர் பதிவு, முகாம் பதிவு, நிறுவனப் பதிவு எண்டு ஒவ்வொண்டும் தனித்தனிக் கூறு. அதுகள் எல்லாத்தையும் தாங்கிற சட்டகத்தையும் தாங்களே எழுதினார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் அது போனது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலன் விருதும் கிடைச்சது.

இனித்தான் விசயம் இருக்கு. பிறகு வந்த சகனா ஈடன், தங்கட பழைய சட்டகத்தை விட்டிட்டு பைத்தனில, வெப்2பை எண்ட வேறொருத்தரின்ர சட்டகத்துக்கு மேல கட்டப்பட்டது. வெப்2பையை 2007இல் வெளியிட்டவர் சிக்காகோ டிபோல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாசிமோ டி பியேரோ. மாணவர்களுக்கு வெப் படிப்பிக்கவெண்டு எழுதினது. 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது ஈடன்தான் வேலை செய்தது.

சொந்தச் சட்டகத்தை விட்டபடியா சகனா தன்ர சுயாதீனத்தை இழந்திட்டுதோ? எனக்கு அப்பிடித் தெரியேல்லை. முகாமில ஒரு குடும்பத்தை எப்பிடிப் பதியிறது, காணாமல் போனவரைத் தேட என்னென்ன விபரம் வேணும் எண்ட அறிவுதான் அவையின்ர சொத்து. அது ஒரு சட்டகத்திலயிருந்து இன்னொண்டுக்கு, ஒரு நாட்டு ஆக்களிட்டயிருந்து இன்னொரு நாட்டு ஆக்களிட்ட கைமாறிப் போனது. சுயாதீனம் எண்டால் தனிய நிக்கிறது இல்லை. நாங்கள் இல்லாட்டியும் இன்னொருத்தர் தொடர்ந்து கொண்டுபோகக்கூடியதா விட்டிட்டுப் போறது.

யாழ்ப்பாணத்தில பங்குக் கிணறு வைச்சிருந்த ஆக்களுக்கு இது விளங்கும். வெட்டுறது ஒருக்காத்தான். வருசா வருசம் இறைச்சுச் சேறு அள்ளவேணும், அதுக்கு ஆர் வாறது எண்டதிலதான் எல்லாப் பிரச்சினையும்.

இப்ப செயற்கை நுண்ணறிவுக் கருவியளிட்டக் கேட்டால் ஒரு சின்ன ஃபிரேம்வொர்க்கை ஒரு பின்னேரத்திலயே எழுதித் தந்திடும். வெட்டுறது இன்னும் சுகமாப் போச்சு. இறைக்கிறது அப்பிடியேதான் இருக்கு. 2024 பங்குனியில எக்ஸ்இசட் எண்ட சின்ன மென்பொருளுக்குள்ள ஒளிச்சு வைச்ச கள்ளக் கதவைக் கண்டுபிடிச்சினம். வருசக்கணக்கா அதை ஒரு ஆள்தான் பராமரிச்சு வந்தவர். களைச்சுப்போயிருந்த அவருக்கு உதவி செய்யிறன் எண்டு வந்து, நம்பிக்கையைச் சம்பாதிச்சுப்போட்டுத்தான் அந்த வேலையைச் செய்திருக்கினம். தனி ஆளின்ர தோளில நிக்கிற மென்பொருளுக்கு இதுதான் ஆபத்து.

எங்கட பெடியளின்ர தேவை உண்மையானது. ரொறன்ரோவில ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகளுக்குத் தளம் செய்யத்தான் அவை இதை எழுதினம். எனக்குத் தெரிஞ்ச ஒரு சங்கத்தின்ர தளத்தை ஆரோ ஒரு பெடியன் செய்து குடுத்தவன். அவன் வேலை கிடைச்சுப் போயிட்டான். இப்ப கடவுச்சொல்லும் இல்லை, அங்கத்தவர் பட்டியலும் இல்லை. ஜாங்கோவின்ர வழமையான பயனர் பதிவு முதற்பெயர், கடைசிப்பெயர் எண்டு இரண்டு கட்டம் வைச்சிருக்கு. அப்பாவின்ர பேரின் முதலெழுத்தோட எழுதிற எங்கட பேர் அதுக்குள்ள ஒழுங்கா அடங்காது. தமிழ் அகரவரிசையில பட்டியல், இரண்டு மொழியில பற்றுச்சீட்டு, இதெல்லாம் நாங்கள்தான் செய்யவேணும்.

ஆனா அதுக்கு அடித்தளம் முழுதையும் திரும்ப எழுதத் தேவையில்லை. ஈடன் செய்த மாதிரி, பலபேர் காவல் காக்கிற ஒரு சட்டகத்துக்கு மேல எங்கட பகுதியை மட்டும் எழுதுங்கோ. நிரல் சின்னனா இருந்தால்தான் அடுத்தவர் காவலாம்.

அங்கிளின்ர காசுக் கேள்விக்கும் மறுமொழி இருக்கு. மும்பையில ருஷப் மேத்தா தொடங்கின ஃபிராப்பே, ஈஆர்பிநெக்ஸ்ட் எண்ட வணிக மென்பொருளுக்காக எழுதின சட்டகம். நிரல் இலவசம். அதை வாங்கி வழங்கியில ஓடவைச்சுத் தாறதுக்கும் உதவிக்கும் காசு வாங்குகினம். ஜாங்கோ 2003இல் கன்சாஸில ஒரு நாளிதழ் அலுவலகத்தில பிறந்தது, 2008இலயிருந்து அதுக்கு ஒரு அறக்கட்டளை இருக்கு. காசு வாறது நிரலுக்கு இல்லை, இறைக்கிறதுக்கு.

பெடியளிட்ட நான் கேக்கிறது ஒண்டுதான். முதல் வெளியீட்டுக்கு முன்னம், ஒரு வரியும் எழுதாத ஒருத்தரிட்ட அதைக் குடுங்கோ. உங்களைக் கேளாமல், நீங்கள் எழுதிவைச்ச விளக்கத்தை மட்டும் வாசிச்சு ஒரு பிழையைத் திருத்தச் சொல்லுங்கோ. திருத்தினார் எண்டால் உங்களிட்ட ஒரு ஃபிரேம்வொர்க் இருக்கு. இல்லையெண்டால் அது இன்னும் உங்கட வீட்டுப்பாடம்தான்.

அந்த ஒருத்தரா நான் வரத் தயார். வேற ஆரும் வாறியளோ?