முரசு நோயும் மூலக்கல மாயையும்

விஞ்ஞானத்தின் ஒவ்வொரு வெற்றியையும் மனிதகுலம் முழுமையினதும் வெற்றியென உடனே எழுதிவிடும் பழக்கம் கற்றோரிடையே வேரூன்றியுள்ளது. பத்திரிகைகள் 'ஸ்டெம் செல்' எனக் குறிப்பிடும் மூலக்கலங்களைக் கொண்டு, முரசு நோயால் அழிந்த இழையங்களை மீள வளர்க்கலாம் என்ற செய்தியும் அவ்வாறே வரவேற்கப்படுகின்றது. ஆராய்ச்சி பொய்யன்று, அதன்மீது எழுப்பப்படும் நம்பிக்கையே விசாரணைக்குரியது.

பல்லைத் தாடையென்போடு பிணைத்து நிற்பது மெல்லியதொரு நாரிழையம். பல்லும் முரசும் சந்திக்கும் விளிம்பிற் படியும் பற்றீரியாப் படலம் அகற்றப்படாதுவிடின் முரசு அழற்சியுறும். நாளடைவில் அவ்வழற்சி பலரிடத்து உள்ளிறங்கி நாரையும் என்பையும் அரித்துவிடும். வழமையான சிகிச்சை அழிவை நிறுத்துமேயன்றி, அழிந்ததை மீட்டுத் தருவது அரிது. புண் ஆறும்போது அவ்விடத்தை முதலில் வந்தடையும் கலங்கள் எவையோ அவையே ஆறுதலின் தன்மையைத் தீர்மானிக்கின்றன என்னும் கருத்தை மெல்ச்சர் 1976இல் முன்வைத்தார். 2004இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய பல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சியோ, ஷி ஆகியோரும் அவர்தம் குழுவினரும், பிடுங்கப்பட்ட ஞானப்பற்களின் வேரை ஒட்டியிருந்த நாரிழையத்திலிருந்து மூலக்கலங்களைப் பிரித்தெடுத்தனர். விலங்குகளின் உடலில் வைக்கப்பட்டபோது அக்கலங்கள் வேரின் சீமெந்துப் படையையும் நாரையும் ஒத்த அமைப்பை உருவாக்கின. உயிரியல் நோக்கில் இஃது அரிய சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆயின் மனிதரிடத்து நிகழ்ந்ததென்ன? சீனாவில் 30 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான பரிசோதனையில், சொந்த மூலக்கலங்களோடு என்புப் பதிலீடு பெற்றோருக்கும், கலங்களின்றி அதே பதிலீட்டைப் பெற்றோருக்குமிடையே புள்ளிவிபர நோக்கிற் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2018இல் தோக்கியோவிலிருந்து வெளிவந்த முடிவுகள் நம்பிக்கையூட்டின. ஆனால் அதிற் பங்குபற்றியோர் பதின்மரே, ஒப்பிடுவதற்கு வேறு குழுவும் இருக்கவில்லை. அதே ஆண்டு இத்தாலியின் தூரின் நகரில் பல்லின் மச்சைக் கலங்களைக் கொண்டு செய்யப்பட்ட பரிசோதனை சாதகமான பெறுபேற்றைத் தந்தது என்பதையும் நேர்மையாகக் கூறல் வேண்டும். ஆக, கேள்வி இன்னும் திறந்தே கிடக்கின்றது. அதற்குள் பாற்பற்களைக் குளிரிற் சேமித்து வைப்பதாகப் பெற்றோரிடம் பணம் பெறும் வணிக நிறுவனங்கள் பல நாடுகளில் முளைத்துவிட்டன. சேமித்த பாற்பல்லினால் முரசு நோயைத் தீர்க்கும் வழமையான சிகிச்சையொன்று இன்றுவரை இல்லையென்பது அவ்விளம்பரங்களிற் பெரிதாக அச்சிடப்படுவதில்லை.

இப்பரிசோதனைகளுக்குப் பெரும்பாலும் எத்தகையோர் தெரிவுசெய்யப்படுகின்றனர் என்பது முடிவுகளைவிட முக்கியமானது. வாய்ச் சுத்தம் பேணுவோர், புகைபிடியாதோர், நீரிழிவு கட்டுப்பாட்டில் உள்ளோர். அவர்களிடத்தும் என்பிலே செங்குத்தாக, சுவர்கள் எஞ்சி நிற்கும் குழிகளே சிகிச்சைக்கு உகந்தன. என்பு ஒரே மட்டமாகத் தேய்ந்து இறங்கிய வாய்களே உலகில் மிகுதி. அத்தேய்வை மீட்பதற்கு நம்பத்தகுந்த முறை எதுவும் இல்லை. சுருங்கக் கூறின், நோயைத் தவிர்க்கும் வசதி முன்னரே வாய்க்கப்பெற்றவருக்கு உரிய சிகிச்சை இது. சுத்தம் பேணப்படாத வாயில் வளர்க்கப்படும் புதிய இழையமும் பழையது சென்ற வழியிலேயே செல்லும்.

நோயின் தொடக்கத்தைத் தடுப்பதற்கு வேண்டுவது எளிய ஒன்றே. டென்மார்க்கின் ஓகுஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவர் சகாக்களும் செய்து 1965இல் வெளியிட்ட ஆய்விற் பங்குபற்றிய 12 பேரும் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரத்திற்குள் எல்லோரிடத்தும் முரசு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் மறைந்தது.

அதே லோவின் பெயரோடு இணைந்த பிறிதோர் ஆய்வு இலங்கையில் நிகழ்ந்தது. 1970இல், 480 ஆண் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாய்கள் அளவிடப்பட்டன. பல்நோய்த் தடுப்போ சிகிச்சையோ அவர்களை எட்டியதில்லை. பல் துலக்கும் பழக்கமே அவர்களிடையே அறியப்படாதது என அறிக்கை கூறுகின்றது. 1986இல் வெளியான முடிவுகளின்படி 8 வீதத்தினரிடம் அழிவு விரைந்து சென்றது. 81 வீதத்தினரிடம் மிதமாக நிகழ்ந்தது. 11 வீதத்தினரிடம் அழற்சிக்கு அப்பால் அது செல்லவேயில்லை. விரைந்து அழிந்தோர் 45 வயதை எய்தியபோது பற்பிணைப்பிற் சராசரியாக 13 மில்லிமீற்றரை இழந்திருந்தனர். பல பற்களின் வேர் நீளமே ஏறத்தாழ அவ்வளவுதான். இவ்வெண்கள் உலகெங்கணும் பல் மருத்துவ மாணவர் கற்கும் நூல்களில் இடம்பெற்றுள்ளன.

அவ்வாய்வின் தலைப்பு 'இயற்கை வரலாறு' என்பதாகும். இச்சொல்லே ஆட்சேபத்திற்குரியது. மலையகத் தோட்டங்களில் உழைப்போரிற் பெரும்பாலோர் யாவர் என்பதை இவ்விதழின் வாசகருக்குக் கூற வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய சமூகம் அது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இரு நாடுகளுக்கிடையே தலையெண்ணிப் பங்கிட்ட சமூகம். லயத்தில் வாழ்வோனிடம் பற்தூரிகை இல்லாதிருந்தமை இயற்கையின் செயலோ? மழை பொழிவதும் மண் சரிவதும் போல அது தானே நிகழ்ந்ததோ? பல் வைத்தியர் ஒருவர் எட்டாத இடத்தில் ஒரு மக்கட் கூட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த பொருளாதார ஏற்பாட்டின் விளைவை 'இயற்கை' என அழைப்பதன் மூலம், விஞ்ஞானம் அவ்வேற்பாட்டைக் காணாது கடந்து சென்றது.

1983இலிருந்து 1994வரை அமெரிக்கத் தேசிய பல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பணிப்பாளராக விளங்கியவரும் லோவே. ஞானப்பல்லின் மூலக்கலங்களைக் கண்டறிந்ததும் அந்நிறுவனமே. நோய் எவ்வாறு அழிக்கின்றது என்ற அறிவைத் தந்த வாய்கள் ஒருபுறம். அழிந்ததை மீட்கும் அறிவின் பயனைப் பெறவிருக்கும் வாய்கள் மறுபுறம்.

இதற்கு மறுப்பாக ஒரு நியாயம் கூறப்படலாம். துலக்காதிருந்தும் 11 வீதத்தினர் தப்பினரெனின், நோய் வறுமையினால் மாத்திரம் விளைவதன்று. உடலின் தன்மையும் அதில் உண்டு. ஆதலால் உயர் ஆராய்ச்சி வேண்டும் என்பர். வேண்டும்தான். ஆனால் இந்நியாயம் அதனைக் கூறுவோருக்கு எதிராகவே திரும்புகின்றது. இழையத்தை மீட்கும் சிகிச்சைக்கு முதலுரிமை உடையோர் அந்த 8 வீதத்தினரே. பற்களை இழந்து நிற்கும் அவர்களுக்கு அது பரிசோதனையாகவேனும் எட்டுமா? புகையிலையோடு வெற்றிலை மெல்பவனைத் தெரிவுப் பட்டியலின் முதல் வரியே வெளியேற்றிவிடும்.

கடுமையான முரசு நோய் உலகில் நூறு கோடிக்கு மேற்பட்டோரைப் பீடித்துள்ளதென உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணித்தது. அவர்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் பல்லைப் பிடுங்கி, கலங்களைப் பிரித்து, தூய்மையான ஆய்வுகூடத்தில் வாரக்கணக்கில் வளர்த்து, அறுவைச் சிகிச்சையால் மீள வைப்பதெனின் அச்செலவை ஏற்பவர் எவர் என்ற வினாவிற்கு விடையின்றியே பலரும் புரட்சி என்ற சொல்லைக் கையாளுகின்றனர். பேராதனையிலுள்ள பல் மருத்துவ பீடத்திலிருந்து தேயிலை மலைகள் தொலைவில் இல்லை. மூலக்கலம் பற்றிய கருத்தரங்கிற்குச் செல்லும் மாணவன், காரை அகற்றும் கருவியோடு மாதம் ஒரு முறை ஒரு தோட்டத்திற்குச் செல்வதைத் தன் படிப்பிற் சேராத தருமமாகவே இன்னும் கருதுவானெனின், அவனுக்குப் பாடத்திட்டம் வகுத்தோரே அதற்குப் பதில் கூறவேண்டும்.

1970இல் தொடங்கிய அத்தொழிலாளரின் வாய்கள் 1971, 1973, 1977, 1982, 1985, 1990 என மீண்டும் மீண்டும் அளக்கப்பட்டன. எட்டாவது முறையாக 2010இல் ஆய்வாளர் சென்றபோது, 480 பேரில் 75 பேரே பரிசோதிக்கப்பட்டனர். இழக்கப்பட்ட பற்கள் அப்போதும் கணக்கிடப்பட்டன.