கனஅடிக்குக் கணக்கு இருக்கிறது, எங்களுக்கு?

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் நீர்வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு, மட்டம் எத்தனை அங்குலம் ஏறியது என்று தொலைக்காட்சியில் மணிக்கொரு தடவை சொல்கிறார்கள். சென்னைக்காரர்கள் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வது அப்போதுதான். ஏரி நிரம்பினாலும் அவர்களுக்குப் பயம், 2019 கோடையைப் போல வற்றிக் கிடந்தாலும் பயம். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் ஏரியைச் சுற்றியும் அதன் உபரிநீர்க் கால்வாய் ஓரத்திலும் எத்தனை குடும்பம் இருக்கிறது, மதகைத் தூக்கினால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், அந்தத் தெருவில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கிழவியை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது? இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போன ஒரு அதிகாரியை, ஒரு மக்கள் பிரதிநிதியை நான் இதுவரை பார்த்ததில்லை. தண்ணீருக்கு அங்குலக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். எங்களுக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறீர்கள்?

2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையை யாரும் மறக்கவில்லை. தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், எங்கள் செம்பரம்பாக்கத்தில் 47. காலை பத்து மணிவாக்கில் ஏரியிலிருந்து விநாடிக்கு 10,000 கனஅடி போய்க்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் 29,000 ஆக்கினார்கள். அந்தத் தண்ணீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு என்று வரிசையாக ஊர்களைத் தொட்டு, திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் சேர்ந்து, அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குப் போனது. போகிற வழியில் என்னவெல்லாம் இருந்ததோ அத்தனையையும் எடுத்துக்கொண்டு போனது. என் நாத்தனார் குடும்பம் அப்போது ஆற்றோரம் வாடகை வீட்டில் இருந்தது. மின்சாரம் இல்லை, போன் வேலை செய்யவில்லை. தெருவில் யாரோ ஒரு பையன் “தண்ணி வருது, தண்ணி வருது” என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறான். அவர்களுக்குக் கிடைத்த வெள்ள எச்சரிக்கை அவ்வளவுதான். பிள்ளைகளை மாடிக்கு ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் படிக்கட்டு தெரியவில்லை. சட்டிபானை, சர்டிபிகேட், கல்யாணப் புடவை, பத்து வருஷமாய்ச் சீட்டுக் கட்டி வாங்கிய தையல் மிஷின், எல்லாம் போனது. உயிர் தப்பியதால் அவர்கள் அதிர்ஷ்டசாலிகளாம். பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

இதெல்லாம் மழை செய்த வேலை என்று எங்களைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்கள். 2018 ஜூலையில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. வெள்ளம் வந்து இரண்டரை வருஷம் கழித்து! அது மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்று அந்த அறிக்கை சொல்லியது. 289 உயிர்கள் போனதைப் பதிவு செய்தது. தொடர்ந்து 21 மணி நேரம் 29,000 கனஅடி திறந்துவிட்டதைக் குறை சொன்னது. ஏரியில் இன்னும் தேக்க இடமிருந்தும் முழுமட்டம் வரை தேக்கவில்லை, தேக்கியிருந்தால் நீர்ப்பிடிப்புக்குள் இருக்கும் தனியார் நிலங்கள் மூழ்கியிருக்கும் என்றது. அணை, ஏரிகளுக்கு அவசரகாலச் செயல்திட்டமே தயாரிக்கவில்லை என்றது.

இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். ஏரிக்குள் இருந்த தனியார் நிலம் நனையக் கூடாது. ஏரிக்கு வெளியே இருந்த வீடுகள் முழுகலாம். இதை எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் சொல்லியிருந்தால் வதந்தி பரப்புகிறான் என்று பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். அரசமைப்புச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட தணிக்கையாளர் எழுதியது இது. வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடிசைகளை ஆக்கிரமிப்பு என்று பிரித்துப்போட்டு, அந்தச் சனங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றது, வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு வேலை போனது. ஏரிக்குள் நிலம் வைத்திருந்தவர்களை யார், எங்கே அனுப்பினார்கள்?

அந்த அறிக்கைக்குப் பிறகு 2019-இல் நாடாளுமன்றத் தேர்தலோடு பூந்தமல்லிக்கு இடைத்தேர்தலும் வந்தது. 2021, 2024 என்று தேர்தல்கள் தொடர்ந்தன. எல்லாக் கட்சி வேனும் எங்கள் தெருவுக்குள் வந்தது. ஆரத்தி எடுத்தோம், துண்டு வாங்கிக்கொண்டோம். ஒரு வேனிலிருந்தாவது அந்த அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. எங்கள் பக்கத்திலிருந்தும் யாரும் வேனை மறித்துக் கேட்கவில்லை. எனக்கு ஆறாத ஆத்திரம் இதுதான். அவர்கள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் புரிகிறது. செத்தது நம் சனம், நாம் ஏன் பேசவில்லை?

கேட்கப் போனால் என்ன நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் ஏரி இரண்டு மாவட்டத்துக்கும் சொந்தம், அதனால் எந்த மாவட்டத்துக்கும் சொந்தமில்லை. செம்பரம்பாக்கம் ஊராட்சி திருவள்ளூர் மாவட்டம், பூந்தமல்லி சட்டமன்றத் தொகுதி, திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதி. தண்ணீர் பாயும் குன்றத்தூர்ப் பக்கம் காஞ்சிபுரம் மாவட்டம், ஸ்ரீபெரும்புதூர் நாடாளுமன்றத் தொகுதி. தண்ணீர் குடிநீர் வாரியத்துக்கு, மதகு நீர்வளத் துறைக்கு, கால்வாயை ஒட்டிய இடம் வருவாய்த் துறைக்கு, குப்பை ஊராட்சிக்கு. ஒரு வாய்க்கால் அடைப்பைப் பற்றி எழுதிக் கொடுத்தோம். ஓர் அலுவலகத்தில் “இது எங்க லிமிட்ல வராதும்மா” என்றார்கள். அவர்கள் கைகாட்டிய இடத்துக்குப் போனால், அங்கே உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பினார். பெண்களெல்லாம் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தோம். உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை. பந்தியில் பரிமாறாமல் விட்டுவிட்ட இலை முன்னால் உட்கார்ந்திருப்பதைப் போல அவமானமாக இருந்தது.

ஊருக்கென்று ஒரு தலைவராவது இருந்தால் அவர் வீட்டு வாசலில் போய்க் கத்தலாம். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோய், 2019 டிசம்பரில்தான் நடந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. அப்படித் தேர்ந்தெடுத்தவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. உடனே தேர்தல் வைக்கவில்லை, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில் தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது? நள்ளிரவில் மதகு திறந்தால் எங்கள் கதவைத் தட்ட யார் வருவார்கள்?

அக்கா, அண்ணே, தம்பி, தங்கச்சி, உங்களைத்தான் கேட்கிறேன். வாட்ஸப்பில் ஏரி வீடியோவை அனுப்பிவிட்டு “கடவுள்தான் காப்பாத்தணும்” என்று எழுதுவதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். நமக்கு ஒரு எம்.எல்.ஏ., ஒரு எம்.பி. இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்க் கேட்பது உதவி கேட்பதாகாது. அது நம் பாத்தியதை. கல்யாணப் பத்திரிகை வைக்கவும், பள்ளிக்கூட சீட்டுக்குச் சிபாரிசு வாங்கவும் மட்டும் அவர் வீட்டுக்குப் போகப் பழகிவிட்டோம். சட்டமன்றத்தில் அவர் வாயால் நம் கேள்வி வரவேண்டும். அவரைத் தேர்ந்தெடுத்ததே அதற்குத்தான்.

கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொன்னது வாசலோடு போய்விடும். ஒரு தாளில் ஒரு கோரிக்கை. கீழே தெருப் பெயர், வீட்டு எண், வாக்காளர் அட்டை எண்ணோடு கையெழுத்து. நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். பார்க்க விடவில்லையென்றால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே அனுப்புங்கள். மக்களவையில் ஓர் உறுப்பினர் கேள்வி கேட்க வேண்டுமென்றால் குறைந்தது 15 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஏரி 22 அடியைத் தொட்ட அன்றைக்குப் போய் நின்றால் அவரால் புகைப்படம்தான் எடுத்துக்கொள்ள முடியும். சட்டப்பேரவையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது, பொதுமக்களின் மனுவை நேராக வாங்கும். எத்தனை பேருக்கு இது தெரியும்? யாரும் நமக்குச் சொல்லவில்லை. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். ஏரிக்குள் இருக்கும் தனியார் நிலம் எந்தெந்தச் சர்வே எண், அவசரகாலச் செயல்திட்டம் இப்போதாவது இருக்கிறதா, இருந்தால் தமிழில் எங்கே ஒட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். வந்த பதிலை எம்.எல்.ஏ. கையில் கொடுங்கள்.

“நாலு பேர் கையெழுத்துப் போட்டா நடந்துடுமா?” என்று கேட்பவர்கள் பக்கத்திலிருக்கும் குத்தம்பாக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். 1996-இல் இளங்கோ ஊராட்சித் தலைவரான பிறகு கிராம சபையில் உட்கார்ந்து பேசப் பழகிய ஊர் அது. அவர்களின் மேய்க்கால் நிலத்தில் நகரத்துக் குப்பையைக் கொட்டக் கிடங்கு வரும் என்றபோது, அந்த அழுக்கு மழையில் கரைந்து செம்பரம்பாக்கம் ஏரிக்குத்தான் வரும் என்று சொல்லி எதிர்த்தார்கள். வழக்கும் போட்டார்கள். கிடங்கு வரவில்லை. நாம் குடிக்கும் தண்ணீரை, சென்னை குடிக்கும் தண்ணீரை அந்தச் சனங்கள் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

எல்லா ஊருக்கும் அப்படி வெற்றி கிடைத்துவிடவில்லை. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்து எத்தனை கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள்! எத்தனை இரவு தெருவில் உட்கார்ந்தார்கள்! ஆனாலும் திட்டம் நிற்கவில்லை, 2025-இல் மத்திய அரசு கொள்கை ஒப்புதல் கொடுத்தது. அதற்கு முன்பே வெறுத்துப்போய் 2024 தேர்தலில் கிட்டத்தட்ட ஊரே ஓட்டுப் போடாமல் இருந்தது. அந்த வேதனை எனக்குப் புரிகிறது. என் மனசு மட்டும் ஓட்டை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கவில்லை. நாம் விட்ட இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்துகொள்வார்கள். ஆனால் ஒன்று, அந்த ஊர் சம்மதித்தது என்று இனி எவனும் எழுத முடியாது. அவர்கள் மறுத்தது தேதியோடு, கையெழுத்தோடு பதிவில் கிடக்கிறது. 2015-இல் நாம் என்ன சொன்னோம் என்பதற்கு எந்தப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது?

பயப்படுகிறீர்கள் என்று தெரியும். புறம்போக்கில் வீடு, பட்டா இல்லை, கேள்வி கேட்டால் கரண்ட்டைப் பிடுங்கிவிடுவார்களோ, நூறு நாள் வேலையில் பெயரை அடித்துவிடுவார்களோ என்று நடுங்குகிறீர்கள். நானும் அந்த நடுக்கத்தில்தான் இருக்கிறேன். அதற்காகத்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். தெருவாகப் போவோம். இருபது பெண்கள் சேர்ந்து ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்தால் குரல் தானாக வரும். எந்தக் கட்சி என்று கேட்டால், 2015-இல் முழுகிய கட்சி என்று சொல்வோம்.

ஊர்ப் பெயர் வேண்டாம், ஒரு கிராம சபையைப் பார்த்திருக்கிறேன். பந்தல், நாற்காலி, பேனர் எல்லாம் இருந்தது. ஆள் இல்லை. மறுநாள் வீடு வீடாக நோட்டைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதினார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊரில் 200 பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும். அந்த 200 பேராக நாம் போய் உட்கார வேண்டும். தனி அலுவலர் ஆட்சியிலும் கிராம சபை நடத்தத்தான் வேண்டும்.

நவம்பர் 1 உள்ளாட்சி நாள். அன்றைக்குக் கிராம சபை உண்டு, ஏரியும் ஏறிக்கொண்டிருக்கும். மதகு திறக்கும் நேரமும் அளவும் முன்கூட்டியே தெருவுக்குத் தெரு அறிவிக்கப்பட வேண்டும், தங்கும் இடமும் வண்டியும் பெயர் குறித்து ஒதுக்கப்பட வேண்டும், நடமாட முடியாதவர்களின் பட்டியல் எடுக்கப்பட வேண்டும், உள்ளாட்சித் தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டும். இந்த நான்கையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் நோட்டை வாங்கிச் சத்தமாகப் படிக்க வையுங்கள், நம் பிள்ளைகளில் ஒன்று படிக்கட்டும். ஏரியின் இரு பக்கத்து எம்.எல்.ஏ.க்களுக்கும் எம்.பி.க்களுக்கும் கலெக்டர்களுக்கும் ஆளுக்கொரு நகல் போகட்டும். அடுத்த வாரம் அவர்கள் அலுவலகத்துக்குப் போய், கிடைத்ததா, என்ன செய்தீர்கள் என்று கேட்போம். அதற்கடுத்த வாரமும் போவோம்.