பாக்கி கேட்கும் கணினி

பாக்கியைக் கேட்டால் வாடிக்கை போகும். கேட்காவிட்டால் முதல் போகும். மளிகைக்கடை வைத்திருக்கும் நாம் அனைவரும் பட்ட பாடுதான் இது. இப்போது கேட்கும் வேலையை மென்பொருளே செய்கிறது. நம் மாவட்டத்தில், கூடுவாஞ்சேரி அருகே வளாகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனம், வாடிக்கையாளர் மேலாண்மைக்கென்று 2005-லேயே மென்பொருள் வெளியிட்டது. தவணை நாளையும் அனுப்ப வேண்டிய செய்தியையும் ஒருமுறை பதிந்துவிட்டால், குறித்த நாளில் செய்தி தானே போய்விடும். மொத்த வியாபாரிகளுக்கு இது பெரிய உபகாரம். கல்பாக்கத்து மாதச் சம்பளக்காரர்களுக்கும் முதல் வாரத்தில் அனுப்பலாம், தவறில்லை.

ஆனால் புயல் எச்சரிக்கையால் படகு கரையில் கிடக்கும் வாரத்தில், சதுரங்கப்பட்டினம் மீனவருக்கும் அதே செய்தி போனால்? பிறகு அவர் நம் கடைப்படி ஏறுவாரா? ஆகவே, அவர்கள் பெயர்களுக்கு மட்டும் செய்தி நேரே போகாமல், "இன்று கேட்கலாமா?" என்று முதலில் நமக்கே நினைவூட்டும்படி அமைத்துக் கொள்ளுங்கள். அதற்கும் அந்த மென்பொருளில் வழி இருக்கிறது.